கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

மணவாளநல்லூரில் எழுந்தருளியிருக்கும் கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு,

மனுதாரர்: விருத்தாசலம் வட்டம், கருவேப்பிலங்குறிச்சியைச் சொந்த ஊராகக் கொண்டு, செயற்கை நுண்ணறிவுக் கொள்கையில் சட்ட ஆய்வு செய்து பிழைக்கும் ஆசாமி.

எதிர்மனுதாரர்கள்: 1. சிஸ்டம். 2. சர்வர். 3. மேலிடம். மூவருக்கும் முகவரி கிடையாது என்பதால் இதுவரை யாரும் இவர்களுக்குச் சம்மன் சார்பு செய்ததில்லை.

ஐயா,

நாட்டில் கோர்ட்டு இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. இத்தனை இருக்க இவன் ஏன் நம்ம வாசலுக்கு வந்தான் என்று தாங்கள் கேட்கலாம். ஒரு மிஷின் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து 'நீ நீயில்லை' என்று சொல்லிவிட்டால், அந்த வழக்கை எந்தக் கவுண்டரில் கொடுப்பது என்று மேற்படி இடங்களில் யாருக்கும் தெரியவில்லை. மனுவை வாங்கிக்கொள்கிறார்கள், எந்தச் சிஸ்டத்தின் மேல் புகாரோ அந்தச் சிஸ்டத்திலேயே ஏற்றுகிறார்கள், 'தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது' என்று போனுக்குச் செய்தி வருகிறது.

தங்கள் சன்னிதியின் நடைமுறை அப்படியில்லை. வெள்ளைத்தாளில் குறையை எழுதிப் பிராது கட்டலாம். ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துப் படிக்காசு வாங்குகிறார்கள். தாங்கள் பார்த்த பிராதை முனியப்பர் சன்னிதியில் கட்டுகிறார்கள். 90 நாளில் தீர்ப்பு என்பது சனங்களின் நம்பிக்கை. காரியம் முடிந்தால் திரும்ப வந்து 'ராஜினாமா' எழுதிக்கொடுத்துப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும். மனு வாங்க ஓரிடம், அதற்கொரு கட்டணம், ஒரு கெடு, முடித்துவைக்க ஒரு முறை. நான்கும் கட்டாயம் என்று எழுதிய ஒரு பக்கத்தை, இந்த நாட்டின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கைகளில் தேடித் தேடிக் கண் பூத்துப்போய்த்தான் வந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. தங்களுக்கு முகம் கிடையாது. உருவமில்லாமல் பீடமாக எழுந்த சுயம்பு முருகன் தாங்கள். நாளைக்கே எவனாவது 'முகப்பதிவு பொருந்தினால்தான் நைவேத்தியம்' என்று ஒரு செயலியைக் கொண்டுவந்தால் முதல் பட்டினி தங்களுக்குத்தான். ஆகவே இந்த வழக்கு தங்கள் வழக்கும்கூட.

மனுவின் சங்கதி

எங்கள் தொழில் இந்தப் பக்கத்துக்குப் புதிது. இங்கே சட்டம் படித்தவன் நிலத் தகராறு, ஜாமீன், விபத்து இழப்பீடு, நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் வழக்கு என்று ஏதாவது ஒன்றில் பிழைப்பான். என்னிடம் ஊர்ப் பெரியப்பா ஒருவர் கேட்டார்.

"என்னாடா வேல பாக்குற?"

"ஏஐக்குச் சட்டம் பத்தி ஆராய்ச்சி, பெரிப்பா."

"சட்டம் எங்க இருக்கு?"

"இன்னும் வரல. வந்தா எப்படி இருக்கணும்னுதான் எழுதறோம்."

"இல்லாத சட்டத்துக்கு ஆராய்ச்சி. சம்பளமாவது இருக்கா, அதுவும் வந்தா எப்படி இருக்கும்னு எழுதறதுதானா?"

சம்பளம் இருக்கிறது. காலையில் ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு பிரிவைப் படிப்போம். மத்தியானம் அதை நிதி ஆயோக் ஆவணத்தோடு ஒப்பிட்டு அட்டவணை போடுவோம். சாயங்காலம் அதை நாலு பக்கமாகச் சுருக்கி, சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் ஏ.சி. அறையில் வாசிப்போம். ஸ்டேக்ஹோல்டர், கார்டுரெயில், ஹியூமன் இன் தி லூப் என்று மந்திரம் ஓதப்படும். பாதிக்கப்பட்டவர் என்று அந்த அறையில் யாரும் இருக்கமாட்டார். இருந்தால் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருப்பார்.

கொள்கைக்குக் குறைவில்லை. 2018 ஜூனில் நிதி ஆயோக் 'அனைவருக்கும் ஏஐ' என்று ஒரு தேசிய வியூகம் வெளியிட்டது. தமிழ்நாடு பின்தங்குமா? 2020 செப்டம்பரில், பிளாக்செயின் கொள்கை, சைபர் பாதுகாப்புக் கொள்கை இரண்டோடும் சேர்த்து, 'பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை'யை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். அதில் 'டீப்-மேக்ஸ்' என்று ஒரு மதிப்பெண் பட்டியல்கூட உண்டு. பாரபட்சம் உண்டா, அந்தரங்கம் காக்கப்படுமா, தணிக்கை செய்ய முடியுமா என்று ஒவ்வொரு கருவிக்கும் மார்க் போடச் சொல்லும் பட்டியல். நல்ல யோசனை. எந்தக் கருவி எத்தனை மார்க் வாங்கியது? எது பெயிலானது? அந்த மார்க் ஷீட்டை எந்த ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்? பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மார்க்கில் பெயிலானால் ஊருக்கே தெரிகிறது. அரசாங்க மிஷினின் மார்க் மட்டும் அந்தப்புர ரகசியம்.

டெல்லிக் கதை இதைவிட ருசி. 2023 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில், ஏஐ வளர்ச்சியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவரும் எண்ணமில்லை என்றார்கள். 2024 பிப்ரவரியில் கூகுளின் ஜெமினி, பிரதமரைப் பற்றிய ஒரு கேள்விக்கு அரசாங்கத்துக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னது. மார்ச் 1-ஆம் தேதி தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் அறிவுரை பறந்தது: அரைகுறையாகச் சோதித்த மாடல்களை மக்களிடம் விட அரசின் அனுமதி வேண்டும். ஸ்டார்ட்-அப் முதலாளிகள் முகம் சுளித்தார்கள். மார்ச் 15-ஆம் தேதி அந்த நிபந்தனை காணாமல் போனது. பெரிய இடத்துக்குக் கோபம் வந்தால் சில நாளில் அறிவுரை வருகிறது. முதலாளிக்கு வலித்தால் இரண்டு வாரத்தில் திருத்தம் வருகிறது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பிப்போன கிழவிக்குக் காலண்டரில் தேதியே கிடையாது.

2025 நவம்பர் 5-ஆம் தேதி மத்திய அரசின் ஏஐ வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. ஏழு சூத்திரங்கள். இப்போதைக்குத் தனிச்சட்டம் தேவையில்லை என்பது சாரம். கட்டுப்பாட்டைவிடப் புதுமைக்கே முன்னுரிமை என்பது சூத்திரங்களில் ஒன்று. குறைதீர்ப்புக்கு ஏற்பாடு வேண்டும் என்றும் அதில் பரிந்துரை உண்டு. பரிந்துரை யாரையும் கடிக்காது. அதற்குப் பல் வைக்கவில்லை.

அதே மாதத்தில் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் வந்தன. சட்டம் வந்தது 2023-இல். நம்முடைய தகவலை வைத்திருப்பவர் மேல் புகார் செய்தால் 90 நாளுக்குள் தீர்க்க வேண்டுமாம். கெடுவைத் தங்களிடமிருந்துதான் எடுத்தார்களோ என்னவோ, படிக்காசு வந்துசேர்ந்ததா பாருங்கள். ஆனால் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அரசாங்கம் தனக்கு வேண்டிய துறைகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்துக்கொள்ள 17-ஆம் பிரிவு. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று ஒரு வார்த்தை சொன்னாலே கதவைச் சாத்திக்கொள்ள வழிசெய்தார்கள். இந்த விதிகளின் வரைவுக்கு 2025 ஜனவரியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகளை எந்தக் கட்டத்திலும் யாருக்கும் காட்டமாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி சொன்னதும் இதே அமைச்சகம்தான். மக்களின் அந்தரங்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் கடைசியில் ஃபைலின் அந்தரங்கத்தைக் காத்தார்கள்.

சாட்சிகள்

முதல் சாட்சி, ஓர் அங்கன்வாடி. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவை வாங்க, போஷன் டிராக்கர் செயலியில் முகம் காட்ட வேண்டும். கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். ஆதாரில் இருக்கும் அவளுடைய படம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எடுத்தது: இரட்டைச் சடை, உப்பிய கன்னம். இப்போது பிரசவம், ரத்தசோகை, தூக்கமில்லாத ராத்திரிகள். கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருக்கிறது. ஓ.டி.பி. போய்ச் சேரும் நம்பர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் புருஷனிடம். ஷிப்ட் முடிகிறவரை அவன் போனை எடுக்கமுடியாது. "வெளிச்சத்துக்கு வாம்மா. கண்ண நல்லாத் தொற. புள்ளய எறக்கி வுடு" என்று டீச்சர் கெஞ்சுகிறார். அவர் கையில் இருக்கும் போன் பழையது. அதில் நெட்வொர்க் வந்து வந்து போகிறது. கடைசியில் அவரும் சொல்கிறார்: "சிஸ்டம் ஏத்துக்கல, நாளைக்கு வா."

சத்து குறைந்தவளுக்குத்தான் மாவு. சத்து குறைந்து முகம் மாறிவிட்டதால் மாவு இல்லை. இப்படியொரு கொடுமையை யோசிக்கப் புராணத்து அரக்கன் எவனுக்கும் மூளை வரவில்லை, சாமி. அதற்கு ஒரு மென்பொருள் டெண்டர் தேவைப்பட்டது.

இரண்டாம் சாட்சி, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் விரல்கள். அச்சில் ஊற்றிய களிக்குழம்பு இறுகியதும் பொம்மையை எடுத்து, விளிம்பைச் சுரண்டி, ஈரத்தில் தேய்த்து வழவழப்பாக்குவது கைவேலை. பொம்மையின் மேடு பள்ளத்தோடு விரலின் மேடு பள்ளமும் சேர்ந்துதான் தேய்கிறது. அந்த விரலைக் கொண்டுபோய் ரேஷன் கடை மிஷினில் வைத்தால், 'கைரேகை விழல' என்கிறார்கள். உழைப்பு ஒருவரிடம் விட்டுவைக்கும் ஒரே அத்தாட்சி தேய்ந்த கை. அந்த அத்தாட்சியைக் குற்றமாகப் பார்க்கிறது மிஷின்.

மூன்றாம் சாட்சி, நூறு நாள் வேலை. 2023 ஜனவரி முதல் வேலையிடத்தில் நாளுக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று ஆனது. திருட்டை ஒழிக்கும் தொழில்நுட்பம் என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், போட்டோவைப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. பரிகாரமாக என்ன செய்தார்கள்? ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். மனிதனை நம்பாமல் மிஷினை வைத்தார்கள். மிஷினை நம்பாமல் மறுபடி மனிதனை வைத்தார்கள். நடுவில் வெயிலில் நின்றவளுக்கு, சிக்னல் கிடைக்காத நாளின் கூலி போனது.

நான்காம் சாட்சியைச் சொல்லுமுன் கோபத்தை ஒருமுறை விழுங்கிக்கொள்கிறேன். 1993-இல் நம்ம முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவை, திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டுபோய், கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றார்கள். குறவர் குடியில் பிறந்தவர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. போலீஸ்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2006 ஆனது. பதின்மூன்று வருடம். இத்தனைக்கும் அந்த வழக்கில் அடித்தவனுக்குப் பெயர் இருந்தது, நிலையத்துக்கு முகவரி இருந்தது, வழக்காட மனைவி இருந்தார், கூட நிற்க ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது 2021 அக்டோபர் முதல் தமிழ்நாடு போலீசிடம் முகம் அறியும் மென்பொருள் இருக்கிறது. சந்தேகப்பட்டவரைப் படம் எடுத்தால், பழைய குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும். பழைய பட்டியலில் யார் படம் அதிகம் இருக்கும்? எந்தத் தெருவில் போய் எந்தக் காலத்திலும் ஆள் பிடித்தார்களோ, அந்தத் தெருவின் படம்தான். 1993-இல் ஏட்டு தன் மனசில் வைத்திருந்த பட்டியல் இப்போது சர்வரில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். டெல்லி போலீசில் 80 சதவீதம் பொருந்தினால் ஆள் இவன்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தகவல் அறியும் உரிமையில் வெளிவந்தது. 80 சதவீதம் நான் என்றால் பாக்கி 20 சதவீதம் யார்? லாக்கப்பில் அடி விழும்போது அந்த 20 சதவீதத்தை மட்டும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார்களா?

ஊரையே அடையாளம் காணும் அந்தத் தமிழ்நாட்டுத் தளத்துக்குள் 2024 மே மாதத்தில் யாரோ புகுந்தார்கள். ஒரு கணக்கின் கடவுச்சொல் திருட்டுப் போய்விட்டதாம். எல்லோர் முகத்தையும் அறிந்த கருவிக்குத் தன் வீட்டுக்குள் நுழைந்தவனின் முகம் தெரியவில்லை.

வெளியூர்ச் சாட்சிகளும் வந்திருக்கிறார்கள். தெலங்கானாவில் 2014 முதல் 2019 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. 'சமக்ர வேதிகா' என்ற மென்பொருள் பல துறைத் தகவல்களைக் கோத்து, இவருக்குக் கார் இருக்கிறது, அவருக்குச் சொத்து இருக்கிறது என்று சொன்னதை அப்படியே நம்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டு நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று 2022-இல் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஹரியானாவில் 102 வயது முதியவர் ஒருவருக்குப் பதிவேட்டில் 'இறந்தவர்' என்றிருந்ததால் பென்ஷன் நின்றது. மனுஷன் மாப்பிள்ளை மாதிரி ரூபாய் மாலை போட்டுக்கொண்டு, ரோத்தக் தெருவில் தேரில் ஊர்வலம் போய் 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று காட்டினார். நம்ம ஊரில் செத்தவனுக்குத்தான் தேர் கட்டுவோம். அங்கே சாகவில்லை என்பதற்குத் தேர் கட்டவேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பு வாதம்

எதிர்த்தரப்பு மூன்று வாதங்களை எல்லா மேடையிலும் வைக்கிறது. மூன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'எங்களைக் கேட்கவில்லை' என்பார்கள்.

ஒன்று: 'இதெல்லாம் ஏஐயே இல்லை, வெறும் டேட்டாபேஸ்.' மேடையில் விளக்கேற்றும்போது எல்லாமே ஏஐ. சோறு நின்றுபோனதும் வெறும் டேட்டாபேஸ். 2024 மார்ச்சில் ஏஐ இயக்கத்துக்கு 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியபோது இந்த நுணுக்கமான வித்தியாசத்தை யாரும் எழுப்பவில்லை.

இரண்டு: 'கடைசி முடிவை மனிதர்தான் எடுக்கிறார்.' எந்த மனிதர்? சம்பளத்துக்குப் போராட்டம் நடத்தும் அங்கன்வாடி டீச்சரா? மெமோவுக்குப் பயந்த ரேஷன் கடைக்காரரா? மிஷின் 'இல்லை' என்றால் 'உண்டு' என்று சொல்லும் அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? திட்டு வாங்குவதற்கு மட்டும் அந்த இடத்தில் ஒரு மனிதரை நிறுத்தியிருக்கிறார்கள்.

பெரிய இடத்தில் தவறு நடந்தால் கதையே வேறு. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஓர் உத்தரவில், உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்தன. அதில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பேரில். ஏஐ இட்டுக்கட்டியது என்று பேச்சு. கோடிகள் புரளும் டிரஸ்ட் வழக்கு. சில நாளிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், கீழமைக் கோர்ட்டுகளில் தீர்ப்பை முடிவு செய்ய ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கையே எழுதிவிட்டது. நல்லது. நீதிபதியின் பேனாவை மிஷினிடம் கொடுக்கக் கூடாதென்றால், கிழவியின் அரிசியை மட்டும் ஏன் கொடுத்தீர்கள்?

மூன்று, மூலவரான வாதம்: 'சட்டம் போட்டால் புதுமை நின்றுவிடும்.' ஐயா, வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் நம்ம விருத்தாசலம் பேட்டையின் சரக்கு. அதை வைத்ததால் எந்த வீட்டிலும் கரண்ட் நின்றுவிடவில்லை. மிஞ்சிப்போன கரண்ட் வந்தால் முதலில் கம்பி உருகும், வீடு எரியாது. சட்டம் அந்தக் கம்பி. கம்பியே வேண்டாம் என்று ஒயரிங் செய்கிறவனைப் புதுமைக்காரன் என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள். அவன் பேர் வேறு.

ஃப்யூஸ் இல்லாமல் எரிந்த வீடு ஒன்றையும் காட்டுகிறேன். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி பிடிக்கிறோம் என்று கம்ப்யூட்டரை நம்பி, ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர் என்று முத்திரை குத்தினார்கள். வெளிநாட்டு வம்சாவளி உள்ளவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். கடனில் குடும்பங்கள் உடைந்தன. 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. நம்ம ஊரில் ராஜினாமா என்பது தங்கள் கோயிலில் மட்டும்தான் நடக்கிறது.

முடியாது என்பார்களே, அதற்கும் இங்கேயே மறுப்பு இருக்கிறது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்து, 1.06 கோடிப் பேருக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட், நாலு சக்கர வண்டி, இத்தனை ஏக்கர் நிலம் என்று துறைத் தகவல்களைப் பொருத்தித்தான் மற்றவர்களைக் கழித்தார்கள். ஆனால் கழித்ததற்குக் காரணம் போனில் வந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். குறைகள் இருந்தன, இருந்தாலும் ஒரு பெயர்ப்பலகை, ஒரு நாற்காலி, ஒரு கெடு இருந்தது. ஆக, செய்யத் தெரியும். ஒரு கோடி ஓட்டு இருக்கும் இடத்தில் மேல்முறையீடு தானாக முளைக்கிறது. மாவு மறுக்கப்பட்ட ஒருத்தியின் ஒரு ஓட்டுக்கு முளைப்பதில்லை.

தலபுராணச் சான்று

எதிர்த்தரப்புக்கு வெளிநாட்டு உதாரணம் அலர்ஜி என்றால், உள்ளூர்ப் புராணமே போதும். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலைத் திருப்பணி செய்த விபசித்து முனிவர், சாயங்காலம் ஆனால் வன்னிமரத்து இலையைப் பறித்துக் கூலியாகக் கொடுப்பார். அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவில் அது பொன்னாக மாறும். ஏய்த்தவனுக்கு இலை இலையாகவே நிற்கும். உழைத்தவன் முகத்தைப் படம் பிடித்து ஏற்றச் சொல்லவில்லை. சிக்னல் இல்லை என்று யார் கூலியும் நிற்கவில்லை.

சுந்தரர் கதை இன்னும் பொருத்தம். இங்கே இறைவன் கொடுத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். நேரடிப் பணப் பரிமாற்றத்தைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று டெல்லியில் பெருமையடிப்பவர்கள் ஒருமுறை விருத்தாசலம் வந்து போகலாம். முக்கியமான சங்கதி அதுவல்ல. ஆற்றில் போடும் முன் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மாதிரிக்கு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்ததும் அந்த மாதிரியோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. கொடுத்தவர் சாட்சாத் சிவபெருமான். ஆனாலும் மனுஷன் 'சாமி கொடுத்தது, சரியாகத்தான் இருக்கும்' என்று மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை. கேட்டார், பாடிக் கேட்டு, மாற்றைச் சரிசெய்து வாங்கிக்கொண்டார்.

சாமி கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்த்த மண்ணில், எவனோ ஒரு கம்பெனி டெண்டரில் விற்ற மென்பொருளை உரைத்துப் பார்க்காமல் குழந்தையின் சோற்றுக்கு முன்னால் நிறுத்துகிறோம். உரைத்துப் பார்க்கக் கேட்டால் வணிக ரகசியம் என்கிறார்கள். தங்கள் அப்பா சிவபெருமானிடம் இல்லாத ரகசியம் இவர்களிடம் என்ன இருக்கிறது?

கோரும் பரிகாரம்

ஆகவே தாங்கள் மனமிரங்கி, கீழ்க்கண்டவற்றைச் சட்டமாக்கும் புத்தியை உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டுகிறேன்.

அ) ஒரு மிஷின் சொன்னதை வைத்து ரேஷன், கூலி, பென்ஷன், சத்துமாவு எதை மறுத்தாலும், காரணத்தைத் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, காகிதத்தில் கொடுக்க வேண்டும்.

ஆ) தகராறு தீர்கிறவரை கொடுத்துவந்ததை நிறுத்தக் கூடாது. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே தருகிறது சட்டம். பசித்தவளுக்குத் தரக் கூடாதா?

இ) மிஷினின் முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஓர் அதிகாரி ஒவ்வொரு தாலுகாவிலும் பெயரோடும் நாற்காலியோடும் இருக்க வேண்டும். 30 நாளில் முடிக்காவிட்டால் அபராதம் அவர் துறையின் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும்.

ஈ) வாங்கும் முன் கருவியை இந்த ஊர் வெயிலில், இந்த ஊர் விரல்களிலும் முகங்களிலும், இந்த ஊர் நெட்வொர்க்கில் சோதிக்க வேண்டும். 2020-இல் சொன்ன அந்த மார்க் ஷீட்டைப் பொதுவில் ஒட்ட வேண்டும். பெயிலான கருவிக்குப் பணம் கிடையாது.

உ) முகம் பொருந்தியது என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போகக் கூடாது. சட்டமன்றம் விவாதித்துத் தனிச்சட்டம் போடும்வரை அந்த மென்பொருளை மூடிவைக்க வேண்டும்.

இதற்கு டெல்லியைக் காட்டித் தப்ப முடியாது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ரேஷன் கடையும் தாலுகா ஆபீசும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. எட்டுப் பக்கத்தில் அடங்கும் சட்டம் இது. மாநாட்டுக்கு அச்சடிக்கும் அழைப்பிதழே அதைவிடக் கனமாக இருக்கிறது. இத்தனை வருடம் செய்யாததற்குக் காரணம், செய்யத் தெரியாததல்ல. நின்றுபோனது அவர்கள் வீட்டுச் சோறல்ல.

இந்த மனுவின் நகலைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு கவுண்டரில் 'சிஸ்டம் ஏத்துக்கல' என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு நகராதீர்கள். ஏத்துக்காத காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால், தரமாட்டேன் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் அவரையும் கேட்கச் சொல்லுங்கள். வரிசை முழுக்கக் கேட்டால், முகவரி இல்லாத மூன்று எதிர்மனுதாரருக்கும் ஒரே நாளில் முகவரி வந்துவிடும்.

இப்படிக்கு,
மனுதாரர்,
கருவேப்பிலங்குறிச்சி.